இசைப்பதிவு வழிகாட்டி நூலை எப்படிப் படிப்பது? – வாசகர் கேள்வி பதில்

இசைப்பதிவுகளைத் தெரிவு செய்ய உதவும் அச்சு நூல்களைப் பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே இடம் ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில், பென்குயின் நிறுவனம் வெளியிட்ட தடித்த இசைப்பதிவு வழிகாட்டி ஒன்றை வாங்கினேன். தொண்ணூறுகளில் அச்சான பதிப்பு. ஒவ்வொரு பதிவுக்கும் நட்சத்திரங்கள் இட்டிருக்கிறார்கள். சிலவற்றின் பக்கத்தில் ஒரு பூவின் படமும் இருக்கிறது. மேலைத்தேய சாஸ்திரிய இசையை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். மூன்று நட்சத்திரம் பெற்றவற்றை மட்டும் தேடிக் கேட்டால் போதுமா? – வாசகர், ஹட்டன்

பதில்: போதாது. அந்த நூலில் ஆகக் குறைந்த பயன் தருபவை நட்சத்திரங்களே என்பது எனது உறுதியான கருத்து. ஆனால் நூல் மிகவும் பயனுள்ளது. அதை வாங்கியது நல்ல காரியம்.

அதன் பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில், இசைத்தட்டுகளைத் தபால் மூலம் இரவல் கொடுக்கும் நூலகம் ஒன்றை நடத்திய ஐவன் மார்ச் என்பவர் 1960 இல் தொடங்கிய தொகுப்பு முயற்சியே, எட்வர்ட் கிரீன்ஃபீல்ட், ராபர்ட் லேட்டன் ஆகிய விமர்சகர்களின் கூட்டுழைப்போடு 1975 முதல் பென்குயின் வெளியீடாக வரத் தொடங்கியது. நாள்தோறும் இசைத்தட்டுகளைக் கையாண்டு, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டு எழுதும் சந்தாதாரர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவரின் கை அந்த நூலில் தெரிகிறது. ஆகவேதான் அது ஆராய்ச்சி நூலாக இல்லாமல், வாங்கப் போகிறவரை மனத்தில் வைத்து எழுதிய நூலாக இருக்கிறது.

மூன்று நட்சத்திரம் என்றால் வாசிப்பும் ஒலிப்பதிவும் இரண்டும் சிறப்பானவை என்று பொருள். இங்கேதான் தொடக்க நிலை வாசகர் தடுமாறுகிறார். பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூன்று நட்சத்திரம் பெற்ற பதிவுகள் ஒன்றுக்கு மேல் இருக்கும். அவை ஒன்றோடொன்று சற்றும் ஒத்துப்போகாதவையாகவும் இருக்கக்கூடும். வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு நடத்துநர் கார்லோஸ் கிளைபர் 1974 இல் பதிவு செய்த வாசிப்பு, முதல் நான்கு சுரங்களிலிருந்து இறுதிவரை இழுத்துக் கட்டிய வில்லின் நாண் போல் விறைப்புக் குறையாமல் செல்லும். அதே சிம்பொனியை நிதானமாகவும் கனத்த ஒலியோடும் நடத்திய வேறொருவருக்கும் அதே மூன்று நட்சத்திரம் கிடைத்திருக்கலாம். இவற்றில் உங்களுக்கு எது பிடிக்கும் என்பதை நட்சத்திரம் சொல்லாது. அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பந்திதான் சொல்லும்.

பூ வேறு விடயம். நூலின் முன்னுரையை வாசித்தால், அது குழுவில் உள்ள ஒரு விமர்சகர் தம்மைத் தனிப்பட்ட முறையில் ஆட்கொண்ட பதிவுக்குச் சூட்டும் பாராட்டு என்பதை அவர்களே ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருப்பதைக் காண்பீர்கள். எனவே அது நான்காவது நட்சத்திரம் அன்று. நட்சத்திரம் அடைப்புக்குறிக்குள் இருந்தால், ஏதோ ஒரு தயக்கம் இருக்கிறது, பந்தியை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பது பொருள். பழைய பதிவுகளில் இதை அடிக்கடி காணலாம். செலோ கலைஞர் பாப்லோ காசல்ஸ் 1936 முதல் 1939 வரை பதிவு செய்த பாஹின் செலோ தனியிசைத் தொகுதிகள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றில் இரைச்சல் உண்டு. ஆனால் அந்தத் தொகுதிகளை உலகம் திரும்பிப் பார்க்கச் செய்தவர் அவர்தான். அப்படிப்பட்ட பதிவை முதலாவதாகக் கேட்பதைவிட, தெளிவான ஒலியுள்ள பிற்காலப் பதிவு ஒன்றில் இசையைப் பழகிக்கொண்டு, பிறகு அதனிடம் செல்வதே நல்லது.

இனி, நூலைப் பயன்படுத்தும் முறை. நீங்கள் பல தடவை கேட்டு, இன்ன இடத்தில் இன்னது வரும் என்று மனத்தில் பதிந்துவிட்ட ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி நூலில் எழுதியிருப்பதை வாசியுங்கள். வாசித்த பின் அதே பதிவை மீண்டும் கேளுங்கள். விமர்சகர் வேகம் என்று சொன்னது உங்களுக்கு அவசரமாகப் படுகிறதா, அவர் கட்டுப்பாடு என்று மெச்சியது உங்களுக்கு உணர்ச்சிக் குறைவாகத் தோன்றுகிறதா என்று பாருங்கள். சில பதிவுகளை இப்படி ஒப்பிட்டுவிட்டால், அந்த விமர்சகரின் செவிக்கும் உங்கள் செவிக்கும் இடையே உள்ள தூரம் தெரிந்துவிடும். அதன் பிறகு அவர் குறை கூறும் பதிவைக்கூட, இது எனக்குப் பிடிக்கும் என்று நம்பிக்கையோடு தெரிவு செய்யலாம். உங்கள் கருத்தோடு எப்போதும் ஒத்துப்போகும் விமர்சகர் தேவையில்லை. ஒரே சீராக எழுதும் விமர்சகர் போதும்.

நூலை எழுதியவர்கள் பிரித்தானியர் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். எல்கர், வோன் வில்லியம்ஸ் போன்ற தம் நாட்டு இசையமைப்பாளர்களுக்கும், தம் நாட்டு வாத்தியக் குழுக்களுக்கும் அவர்கள் காட்டும் பரிவு பக்கத்துக்குப் பக்கம் தெரியும். செலோ கலைஞர் ஜாக்குலின் டு பிரே 1965 இல் நடத்துநர் பார்பிரோலியோடு பதிவு செய்த எல்கரின் செலோ கொன்சேர்ட்டோ (தனி வாத்தியமும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் ஆக்கம்) உண்மையிலேயே மகத்தானது. ஆனாலும் அதை அவர்கள் எழுதும் சூட்டில் தாய்நாட்டுப் பற்றும் கலந்திருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. படிக்கும்போது கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும்.

விமர்சகர்கள் ஏமாறவும் கூடும். ஜோய்ஸ் ஹாட்டோ என்ற பிரித்தானியப் பியானோ கலைஞரின் பெயரில் அவருடைய கணவர் வெளியிட்ட ஏராளமான இறுவட்டுகளைப் பெயர்பெற்ற விமர்சகர்கள் பலர் வியந்து எழுதினார்கள். நோயுற்ற ஒரு மூதாட்டி இத்தனையையும் வாசித்திருக்கிறார் என்ற கதை அந்த வியப்பைக் கூட்டியது. அவற்றில் இருந்த, லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் ஆக்கங்கள் அடங்கிய இறுவட்டு ஒன்றை ஒருவர் கணினியில் இட்டபோது, தரவுத்தளம் லாஸ்லோ சிமோன் என்ற வேறொரு கலைஞரின் பெயரைக் காட்டியது. பிறருடைய பதிவுகளே ஹாட்டோவின் பெயரில் விற்கப்பட்டிருந்தன என்பதை 2007 இல் ‘கிராமபோன்’ சஞ்சிகை அம்பலப்படுத்தியது. பெயரும் கதையும் விமர்சகரின் செவிக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கேள்வி: எனது தந்தையார் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில், ஊர் திரும்பிய வெள்ளைக்காரப் பெரிய துரை தமது இசைத்தட்டுகள் சிலவற்றையும் 1955 இல் அச்சான ஆங்கில வழிகாட்டி நூல் ஒன்றையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இவ்வளவு பழைய நூலால் இனி ஏதும் பயன் உண்டா? இன்னொரு சந்தேகம்: ட்வோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனியை அந்த இசைத்தட்டில் ஐந்தாவது என்று போட்டிருக்கிறார்கள். எனது மகள் அதை ஒன்பதாவது என்கிறாள். யார் சொல்வது சரி? – வாசகர், பண்டாரவளை

பதில்: மகள் சொல்வது சரி, இசைத்தட்டும் அதன் காலத்துக்குச் சரி. ட்வோர்ஷாக் உயிரோடிருந்தபோது அச்சான சிம்பொனிகளுக்கு மட்டுமே இலக்கமிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அச்சேறாத முந்திய சிம்பொனிகளையும் சேர்த்து, இயற்றப்பட்ட வரிசையில் எண்ணத் தொடங்கிய பின் ஐந்தாவது ஒன்பதாவதானது. ஓப்பஸ் 95 என்ற படைப்பு எண் மட்டும் மாறவில்லை. ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனியும் ஏழு, எட்டு, ஒன்பது என்று பதிப்புக்குப் பதிப்பு வேறு எண்ணில் வரும். பழைய நூலைப் புரட்டும்போது இலக்கத்தை நம்பாமல், ஸ்தாயியையும் (சி மேஜர் போன்ற ‘கீ’) ஓப்பஸ் எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1955 ஆம் ஆண்டு நூல் என்றால், எட்வர்ட் சாக்வில்-வெஸ்ட்டும் டெஸ்மண்ட் ஷோ-டெய்லரும் 1951 இல் எழுதி, 1955 இல் திருத்தி வெளியிட்ட நூலாக இருக்கலாம். அப்படியானால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் தட்டுகளிலிருந்து நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டுகளுக்கு உலகம் மாறிக்கொண்டிருந்த நேரத்தில் எழுதப்பட்டது அது. எல்.பி. 1948 இல் அமெரிக்காவிலும் 1950 இல் பிரித்தானியாவிலும் அறிமுகமானது. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958 இல்தான் கடைகளுக்கு வந்தன. ஆகவே அந்த நூல் பேசுவதெல்லாம் மோனோ பதிவுகளைப் பற்றியே. அதில் உள்ள விலையும் பட்டியல் எண்ணும் இன்று எதற்கும் உதவாது. ஆனால் நடத்துநர் ஃபுர்ட்வேங்லர், பியானோ கலைஞர் ஷ்னாபெல், காசல்ஸ் போன்றோரின் பதிவுகள் வரலாற்றுப் பொருளாகிவிடாமல் கடையில் புதுச் சரக்காக இருந்தபோது, கூர்மையான செவியுடைய இருவர் அவற்றைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை வேறு எங்கே படிக்க முடியும்? அந்தப் பதிவுகளிற் பெரும்பாலானவை இறுவட்டுகளாக மறுபடி வந்து, இன்று கைத்தொலைபேசியிலும் கேட்கக் கிடைக்கின்றன. நூலை ஒரு கையிலும் கைத்தொலைபேசியை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கே அது உங்களுக்கு வழிகாட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ இன்று நூற்றுக்கணக்கான பதிவுகளில் கிடைக்கிறது. அந்நாளில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே இருந்தன. பாஹ், ஹான்டெல், விவால்டி ஆகியோரின் இசையை அவர்கள் காலத்து வாத்தியங்களைக் கொண்டே வாசிக்கும் முறை 1970களில்தான் பரவலாக வேரூன்றியது. எனவே அவர்களுடைய இசைக்கு, பிற்காலத்தில் எழுதிய நூல் ஒன்றையே நாட வேண்டும்.

கேள்வி: க.பொ.த. சாதாரண தரத்துக்கு மேலைத்தேய சங்கீதம் படிக்கிறேன். வழிகாட்டி நூல்களில் கே. 550, பி.டபிள்யூ.வி. 988, டி. 759 என்றெல்லாம் இருப்பவை என்ன? பதிவைத் தேட இவை உதவுமா? – மாணவி, பதுளை

பதில்: பெயரைவிட அதிகமாக உதவுபவை இவையே. மொஸார்ட்டின் ஆக்கங்களுக்கு லூட்விக் கொச்சல் 1862 இல் வெளியிட்ட பட்டியலின் எண்தான் கே. அதன்படி கே. 550 நாற்பதாவது சிம்பொனி. பாஹுக்கு வொல்ஃப்காங் ஷ்மீடரின் 1950 ஆம் ஆண்டுப் பட்டியல் பி.டபிள்யூ.வி.; ஷூபர்ட்டுக்கு ஓட்டோ எரிக் டொய்ச் தொகுத்த பட்டியல் டி.; டி. 759 என்பது ‘முற்றுப்பெறாத’ சிம்பொனி. விவால்டிக்கு ஆர்.வி., ஹைடனுக்கு ஹொப். என்று இருக்கும். விவால்டி நூற்றுக்கணக்கான கொன்சேர்ட்டோக்களை எழுதியவர். அவற்றிற் பல ஒரே ஸ்தாயியில் ஒரே வாத்தியத்துக்காக எழுதப்பட்டவை. எண் இல்லாமல் தேடினால் வேறொன்றைக் கேட்டுவிட்டு அதுவே என்று எண்ணிவிடுவீர்கள்.

எண்ணோடு பதிவான ஆண்டையும் சேர்த்துத் தேடும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட பி.டபிள்யூ.வி. 988 பாஹின் ‘கோல்ட்பெர்க்’ மாறுபாடுகள். அதைக் கிளென் கூல்ட் 1955 இலும் 1981 இலும் பியானோவில் பதிவு செய்தார். முதலாவது சுமார் 38 நிமிடம். இரண்டாவது சுமார் 51 நிமிடம். திருப்பி வாசிக்க வேண்டும் என்று குறித்த பகுதிகள் எதையும் முதற் பதிவில் அவர் திருப்பவில்லை. இரண்டாவதில் சிலவற்றைத் திருப்பினார். வேகமும் வேறு, தொடக்கத்தில் வரும் ‘ஆரியா’ என்ற மூலப் பகுதியின் நடையும் முற்றிலும் வேறு. கலைஞரின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போனால், வழிகாட்டி எதைப் புகழ்ந்தது என்றே தெரியாமற் போய்விடும். நடத்துநர் ஹெர்பர்ட் ஃபொன் கரயன் பேத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் 1950களில் லண்டனிலிருந்த பில்ஹார்மோனியா குழுவைக் கொண்டும், பிறகு 1960கள், 70கள், 80கள் என மூன்று தடவை பெர்லின் குழுவைக் கொண்டும் பதிவு செய்திருக்கிறார். கைத்தொலைபேசிச் செயலிகள் பல வேளைகளில் மறுவெளியீட்டு ஆண்டையே காட்டும் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறுவட்டு உறைகளிலும் வழிகாட்டி நூல்களிலும் டி.டி.டி., ஏ.டி.டி., ஏ.ஏ.டி. என்று இருக்கிறதே, டி.டி.டி. உள்ளதுதான் நல்லதா? – வாசகர், நுவரெலியா

பதில்: இல்லை. மூன்று எழுத்துகளும் முறையே ஒலிப்பதிவு, கலவை, இறுதித் தயாரிப்பு ஆகியவை அனலாக் முறையிலா டிஜிட்டல் முறையிலா நடந்தன என்பதை மட்டுமே சொல்கின்றன. கடைசி எழுத்து இறுவட்டில் எப்போதும் டி.யாகவே இருக்கும். வியன்னாவில் 1958 முதல் 1965 வரை நடத்துநர் ஜோர்ஜ் ஷொல்ட்டி டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்த வாக்னரின் ‘ரிங்’ இசைநாடகங்கள் முழுக்க அனலாக் பதிவுகள். 1980களின் தொடக்கத்தில் வந்த டிஜிட்டல் பதிவுகள் பலவற்றில் வயலின் ஒலி கண்ணாடிபோல் கூர்ந்து காதை உறுத்தும். ஷொல்ட்டியின் பதிவு அவற்றைக் காட்டிலும் எவ்வளவோ நிறைவாக ஒலிக்கிறது.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியை. மேலைநாட்டாருக்கு இருப்பதைப்போல நமது இசைக்கு ஏன் நட்சத்திரமிட்ட வழிகாட்டி நூல் இல்லை? மாணவர்களுக்கு எந்தப் பதிவைக் கேட்கச் சொல்வது என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? – வாசகி, மாத்தளை

பதில்: இரண்டு காரணங்கள் தெரிகின்றன. பேத்தோவனின் சிம்பொனி எழுதி முடிந்த ஓர் ஆக்கம். ஐம்பது பேர் வாசித்தாலும் சுரங்கள் அவையே என்பதால் ஒன்றையொன்று ஒப்பிட்டு மதிப்பிட முடிகிறது. நமது கச்சேரியில் கீர்த்தனை ஒரு பங்கு. ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் ஆகிய, அந்த நேரத்துக் கற்பனையில் விரியும் மனோதர்மம் மறு பங்கு. அதே வித்துவான் அதே கல்யாணியை அடுத்த வாரம் வேறு விதமாகப் பாடுவார். இது முதற் காரணம். மற்றது, நமது ஒலிப்பதிவு நிறுவனங்களின் கவனக்குறைவு. எத்தனையோ ஒலிநாடா உறைகளில் பாடியவரின் பெயரும் பாட்டின் முதலடியும் மட்டுமே உண்டு. வயலின் யார், மிருதங்கம் யார், எந்த ஆண்டு, சபைக் கச்சேரியா கலையகப் பதிவா என்ற விபரம் எதுவும் இல்லை. விபரம் இல்லாத பதிவுக்கு வழிகாட்டி எழுத முடியாது. முதற் காரணம் நமது இசையின் செல்வம். இரண்டாவது நமக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

தீர்மானிப்பதற்கு மிகவும் உதவும் அச்சு நூல் உங்கள் மேசையிலேயே இருக்கிறது: சுர-சாகித்தியத்தோடு உள்ள கீர்த்தனைப் புத்தகம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு பதிவைக் கேளுங்கள். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும் என்பதால், அந்தக் காலத்துப் பதிவுகளில் சரணங்கள் விடுபட்டிருக்கும், சங்கதிகள் குறைந்திருக்கும், காலப்பிரமாணமும் சற்றுக் கூடியிருக்கும். ஸ்ரீராகத்தில் அமைந்த ‘எந்தரோ மகானுபாவுலு’ போன்ற பெரிய உருப்படிக்கு அந்தத் தட்டில் இடமே இல்லை. ஆயினும் சுருக்கமும் ஒரு கல்விதான்: ஒரு ராகத்தின் முகத்தை அரை நிமிட ஆலாபனையில் காட்டிவிட்டுப் பாட்டுக்குள் நுழைந்த அக்கால வித்துவான்களின் திறமையை மாணவர்கள் அவசியம் கேட்க வேண்டும். எல்.பி. தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடியதால், ஒரு ராகத்தை ஓரளவு விரித்துப் பாட முடிந்தது. தனி ஆவர்த்தனம் உட்பட எல்லாம் முழுமையாக வேண்டுமென்றால் சபையில் பதிவான நீண்ட கச்சேரிகளையே நாட வேண்டும். அங்கே ஒலியின் தெளிவு குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆகவே, மாணவர்களுக்கு நீங்கள் கற்பித்து முடித்த ஒரு கீர்த்தனையை எடுத்து, அதன் சிறிய தட்டுப் பதிவு, கலையகப் பதிவு, கச்சேரிப் பதிவு ஆகிய மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்: ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர், பக்கவாத்தியம், தெரிந்தால் ஆண்டு, எத்தனை நிமிடம், எத்தனை சரணம், எந்த அடியில் நிரவல், எவ்வளவு சுரம். இதன் கீழே, பாடிய முறையைப் பற்றிச் சொந்த வசனத்தில் ஒரு பந்தி. ஆங்கில வழிகாட்டிகளின் பக்க அமைப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்; நட்சத்திரம் தேவையில்லை. ஒரு வகுப்பின் கொப்பிகள் சேர்ந்தால், அடுத்து வரும் மாணவர்களுக்கு இதுவரை அச்சில் கிடைக்காத வழிகாட்டி ஒன்று கையெழுத்தில் கிடைத்துவிடும்.

கேள்வி: எங்கள் பாடசாலை நூலகத்துக்கு மேலைத்தேய இசைப்பதிவு வழிகாட்டி ஒன்றை வாங்கச் சிறிய தொகை கிடைத்திருக்கிறது. எதை வாங்கலாம்? புதிய பதிப்புக்காகக் காத்திருக்கலாமா? – ஆசிரியர், தலவாக்கலை

பதில்: காத்திருக்க வேண்டாம். பென்குயின் வழிகாட்டியின் கடைசி முழுமையான பதிப்பு 2010 ஆம் ஆண்டுக்குரியது; மேலே சொன்ன மார்ச், கிரீன்ஃபீல்ட், லேட்டன் ஆகிய மூவரும் இப்போது உயிருடன் இல்லை. 2000க்குப் பிந்திய பதிப்பு எதுவாயினும் பாடசாலைக்குப் போதும். கொழும்பு செல்பவர்களிடம் சொல்லி, மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் முதலில் தேடிப் பாருங்கள். நிறுவனப் பெயர்கள் மாறியிருப்பதை மட்டும் மாணவர்களுக்குச் சொல்லிவையுங்கள்: நூலில் ஈ.எம்.ஐ. என்று இருப்பதிற் பெரும்பகுதி 2013 முதல் வார்னர் பெயரிலும், ஃபிலிப்ஸ் என்று இருப்பது டெக்கா பெயரிலும் வருகின்றன. விலை குறைந்தவற்றைக் குறிக்க நூலில் தனி அடையாள எழுத்துகள் உண்டு. 1987 இல் ஹொங்கொங்கில் தொடங்கிய நாக்ஸோஸ் நிறுவனத்தின் மலிவு விலை இறுவட்டுகள் அந்தப் பிரிவில் அதிகம். அவற்றிற் பல மூன்று நட்சத்திரம் பெற்றவை. நூலகத்துக்கு இறுவட்டுகளும் வாங்குவதாயின் அங்கிருந்தே தொடங்குங்கள். இதற்கு மேலும் தொகை மிஞ்சினால், 1923 இல் கொம்ப்டன் மெக்கன்சி தொடங்கி இன்றும் வெளிவரும் ‘கிராமபோன்’ சஞ்சிகையின் பழைய இதழ்கள் சிலவற்றையும் சேர்த்து வாங்குங்கள். வழிகாட்டியில் ஐந்து வரியில் முடிந்துவிடும் மதிப்பீடு அங்கே அச்சுப் பக்கத்தின் ஒரு பத்தி முழுவதும் நீளும் என்பதால், விமர்சகர் தம் முடிவுக்கு எப்படி வந்தார் என்பதை மாணவர்கள் படிப்படியாகப் பின்தொடர முடியும்.